எட்டு போட்டேன், அஞ்சு தேறுச்சு: ஒரு கேம் மியூசிக் போட்டியோட ரூல்ஸ் ஷீட்டுக்கு என் ரிவ்யூ

நான் அனுப்பின எட்டு நாமினேஷன்ல அஞ்சு ஒரே தடவையில பாஸ், ரெண்டு ரிஜெக்ட், ஒண்ணு ரிஜெக்ட் ஆகி அப்பீல் போட்டு மல்லுக்கட்டி திரும்ப வாங்கினது. வீடியோ கேம்ல வர இசைக்குன்னே ஆன்லைன்ல நடக்குற ஒரு போட்டி இது, பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா நாலஞ்சு பேரு வேலைக்குப் போய்ட்டு வந்து மிச்ச நேரத்துல பைசா வாங்காம நடத்துறாங்க, அவங்க மானத்த வாங்குறது என் நோக்கம் இல்ல. ஆனா அவங்க போட்டிருக்க ஏழு பக்க ரூல்ஸ் ஷீட் இருக்கே, அத மூணு வாரம் நான் பொரட்டின பொரட்டுக்கு ஒரு ரிவ்யூ எழுதலன்னா மனசு ஆறாது.

போட்டி எப்படின்னா, ஆளுக்கு எட்டு டிராக் வரைக்கும் ஒரு ஃபார்ம்ல போடலாம், ஒரு கேமுக்கு ஒருத்தர் ஒண்ணு தான், மொத்தம் 256 சேர்ந்ததும் கிரிக்கெட் நாக் அவுட் மாதிரி ரெண்டு ரெண்டா மோத விட்டு ஓட்டு. எட்டு ரவுண்ட் தாண்டினா கப்பு. கப்புன்னா நெஜ கப்பு இல்ல, ஒரு படம். ஓட்டு போடுற கட்டத்தப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, சுமுகமா தான் போகுது, கூத்தெல்லாம் நாமினேஷன்லயே முடிஞ்சிடும், எது உள்ள வரலாம்னு முடிவு பண்ணும்போதே பாதி ரிசல்ட் எழுதியாச்சு.

முதல்ல நல்லதச் சொல்லிடறேன். தேதி ரூல் எனக்கு ரொம்ப புடிச்சது. கேம் வெளிவந்து குறைஞ்சது ஆறு மாசம் ஆகியிருக்கணும், அப்பறம் எந்தத் தேதி கணக்குன்னா அந்த இசை முதன்முதலா எந்த கேம்ல வந்துச்சோ அந்த கேமோட தேதி. ரெண்டே வரி தான், ஆனா இந்த ரெண்டு வரி இல்லாம பெரிய பெரிய இடத்துலயே சொதப்பியிருக்கு. பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல வருஷா வருஷம் நடக்குற அவார்ட்ஸ எடுத்துக்கோங்க, அங்க ஸ்டீம்ல எப்ப ரிலீஸ் ஆச்சுங்கறது தான் கணக்கு, அதனால 2023ல பெஸ்ட் சவுண்ட்டிராக் யாருக்குப் போச்சுன்னா த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் ஒன்னுக்கு. அது குஸ்தாவோ சான்டாவோலாயா 2013ல பிளேஸ்டேஷன் 3க்குப் போட்ட இசை, கிட்டார் சத்தம் ரெண்டு நொடி கேட்டாலே ஒரு மாதிரி ஆயிடும், இசைல எந்தக் குறையும் கிடையாது, ஆனா பிசிக்கு 2023 மார்ச்ல வந்ததால அது "இந்த வருஷத்து" இசை ஆயிடுச்சு. அடுத்த வருஷமும் அதே கதை, 2010ல கன்சோல்ல வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2024 அக்டோபர்ல பிசிக்கு வந்துச்சு, வந்த கையோட பெஸ்ட் சவுண்ட்டிராக்க தூக்கிட்டுப் போயிடுச்சு. புதுசா அந்த வருஷம் ராத்திரி பகலா உக்காந்து இசை போட்டவன் என்ன பாவம் பண்ணான் சொல்லுங்க.

ஆறு மாசம் காத்திருக்கணும்ங்கறதும் சரி தான், புது கேம் வந்த ஜோர்ல எல்லாரும் அதையே போட்டுத் தள்ளுவாங்க, கொஞ்சம் ஆறட்டும். அமெரிக்காவுல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வச்சிருக்க நேஷனல் ரெக்கார்டிங் ரெஜிஸ்ட்ரில பத்து வருஷம் பழசா இருந்தா தான் சேப்பாங்க, யார் வேணும்னாலும் நாமினேட் பண்ணலாம், வருஷத்துக்கு 25 தான் எடுப்பாங்க. அதுல சூப்பர் மேரியோ தீம் 2023ல தான் ஏறுச்சு, கேம் இசைல அது தான் முதல்ல போனது, கோஜி கோண்டோ அத போட்டது 1985ல. மைன்கிராஃப்டோட முதல் ஆல்பம் 2011ல வந்தது, 2025ல உள்ள போச்சு. அவங்களுக்குப் பத்து வருஷம், இங்க ஆறு மாசம், ஏதோ நம்ம தகுதிக்கு.

இப்ப என்னோட முதல் ரிஜெக்டுக்கு வருவோம். டெட்ரிஸ்.

கேம் பாய்ல (நிண்டெண்டோவோட பழைய கையடக்க கேம் மெஷின்) டெட்ரிஸ் ஆரம்பிக்கும்போது ஏ, பி, சின்னு மூணு மியூசிக் காட்டும் பாருங்க, அதுல ஏ தான் உலகத்துக்கே தெரிஞ்சது, தாத்தா பாட்டிகூட முணுமுணுப்பாங்க. அத போட்டேன். மறுநாள் காலைல பதில், "நாட்டுப்புறப் பாட்டு, செல்லாது." எனக்கு பிரஷர் ஏறிடுச்சு, டெட்ரிஸ் பாட்டே செல்லாதுன்னா அப்பறம் என்னடா கேம் மியூசிக் போட்டி நடத்துறீங்கன்னு டைப் அடிச்சு, நல்ல வேளை அனுப்பல. ஷீட்ட எடுத்துப் பாத்தா நாலாவது ரூல்ல தெளிவா இருக்கு, மெட்டு அந்த கேமுக்காக (இல்ல வேற ஒரு கேமுக்காக) உருவாக்கினதா இருக்கணும். ஏ டைப் "கொரோபெய்னிகி"ங்கற ரஷ்யப் பாட்டு, ஊர் ஊரா சாமான் விக்கிற வியாபாரியப் பத்தினது, நெக்ரசோவ் 1861ல எழுதின கவிதைல இருந்து வந்தது. ஹிரோகாசு தனாகா 1989ல அத கேம் பாய்க்கு ஏத்த மாதிரி அமைச்சுக் குடுத்தாரு, அவ்வளவு தான். சி டைப் என்னன்னா ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட ஃபிரெஞ்ச் சூட் மூணாம் நம்பர்ல வர மினுயெட்ங்கற நடன இசை. நடுவுல இருக்க பி டைப் மட்டும் தான் தனாகாவே சொந்தமா போட்டது, அதனால இந்தப் போட்டில இந்த மூணுல செல்லுறது பி மட்டும் தான், அத யாருமே சீண்டறதில்ல.

ரெண்டு நாள் கோவமா இருந்தேன், அப்பறம் யோசிச்சா அவங்க சொல்றது தான் நியாயம். நம்ம பக்கம் காலங்காலமா வயக்காட்டுல பாடிட்டு இருந்த மெட்ட எடுத்து ஒருத்தர் படத்துல வச்சா "இசை"ன்னு அவர் பேரு போட்டா நாம எப்படி கடுப்பாவோம், அது தான். பாட்டு எங்க காதுல விழுந்துச்சுங்கறது முக்கியமில்ல, எதுக்காகப் போட்டதுங்கறது தான் கேள்வி. இந்த ஒரு வரிய மனசுல வச்சுக்கோங்க, கீழ இவங்களே இத மறந்து என்ன பண்ணாங்கன்னு சொல்றேன்.

அதே நாலாவது ரூல்படி "பாபா யெட்டு" பாஸ் ஆச்சு. நான் கொஞ்சம் பயந்துட்டே தான் போட்டேன், ஏன்னா அதோட வரிகள் சுவாஹிலில இருக்க கர்த்தர் ஜெபம், அது பழசு, ஆனா மெட்டு கிறிஸ்டோஃபர் டின் 2005ல சிவிலைசேஷன் ஃபோருக்காகப் போட்டது. வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி கணக்குன்னு ஷீட்ல எழுதியே வச்சிருக்காங்க, சபாஷ். இந்தப் பாட்டோட கிராமி கதை தான் வேடிக்கை, கேம்ல வந்தப்ப கிராமில கேமுக்குன்னு தனியா ஒரு பிரிவே கிடையாது, அப்பறம் 2009ல அவரு தன்னோட ஆல்பத்துல சேத்தப்பறம் தான் 2011ல கிராமி கெடச்சுது, அதுவும் பாடகர்களோட வர வாத்திய இசை அமைப்புக்கான பிரிவுல. கேம் இசைக்கு கெடச்ச முதல் கிராமியே இப்படி கொல்லப்பக்கமா வந்தது தான். கேமுக்குன்னு தனிப் பிரிவுல முதல்ல கிராமி குடுத்தது 2023ல, ஸ்டெஃபனி எகனோமுவுக்கு, அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவோட டிஎல்சி (கேம் வந்தப்பறம் தனியா விடுற கூடுதல் பகுதி) ஒண்ணுக்கு. முழு கேமுக்குக் கூட இல்ல, டிஎல்சிக்கு!

டிஎல்சின்னதும் ஞாபகம் வருது, இந்தப் போட்டில டிஎல்சிய மெயின் கேமோட சேத்து ஒரே கேமா எண்ணுறாங்க. அதாவது எல்டன் ரிங்ல ஒண்ணு போட்டீங்கன்னா ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீல இன்னொண்ணு போட முடியாது. த கேம் அவார்ட்ஸ்ல டிஎல்சி, ரீமேக், ரீமாஸ்டர் எல்லாமே எல்லாப் பிரிவுலயும் நிக்கலாம்னு 2024ல சொன்னதுக்கு எவ்வளவு பஞ்சாயத்து ஓடுச்சுன்னு தெரியும்ல. அங்க 90 சதவீதம் ஜூரி, 10 சதவீதம் தான் ரசிகர் ஓட்டு, அவங்க பாத்து முடிவு பண்ணிப்பாங்க, இங்க மொத்தமும் நம்ம ஓட்டு தான், அதனால டிஎல்சிய அடக்கி வச்சது எனக்கு ஓகே. ரீமேக் ரூலும் ஓகே, ஒரே மெட்டுக்கு ஒரே ஒரு வெர்ஷன் தான் உள்ள வரலாம், யாரு முதல்ல போடுறாங்களோ அவங்க வெர்ஷன். இதனால ஃபைனல் ஃபேன்டசி செவன் கோஷ்டிக்குள்ள 1997 வெர்ஷனா 2020 வெர்ஷனான்னு அடிதடி, நான் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தேன்.

மெகலோவேனியா கேஸ் தான் செம. அன்டர்டேல்ல வர பாட்டுன்னு தான எல்லாருக்கும் தெரியும், 2015. ஆனா டோபி ஃபாக்ஸ் அத முதல்ல போட்டது 2008ல, எர்த்பவுண்டுங்கற பழைய கேம ஒடச்சு மாத்தி அவரே பண்ண ஒரு ஹாலோவீன் ரோம் ஹேக்குக்கு (அனுமதி இல்லாம ரசிகர்கள் மாத்தி அமைக்கிற கேம்). நடுவுல ஹோம்ஸ்டக்குங்கற வெப்காமிக்லயும் வந்துச்சு. இப்ப ரூல் என்ன சொல்லுது, "அதிகாரப்பூர்வமா வெளிவந்த கேம்", ரோம் ஹேக் அதுல சேராது. அப்ப முதல்ல வந்த அதிகாரப்பூர்வ இடம் காமிக்கா, அப்ப செல்லாதா? இதுக்கு அவங்க மூணு நாள் எடுத்துக்கிட்டு அன்டர்டேல் வெர்ஷன் செல்லும்னு சொன்னாங்க, காரணம் என்னன்னா ரோம் ஹேக்கா இருந்தாலும் அது கேமுக்காகப் போட்டது தானேன்னு. நல்ல தீர்ப்பு. போப் முன்னாடியே 2022ல ஒரு சர்க்கஸ் குரூப் அந்தப் பாட்டுக்கு வித்தை காட்டியிருக்கு, அப்பறம் இவங்க எப்படி வேணாம்னு சொல்ல முடியும்.

சரி, இப்ப ஏழாவது ரூல். இங்க தான் எனக்கும் அவங்களுக்கும் வாய்க்கா தகராறு.

ஏழாவது ரூல் ஒரே வரி, "கேமுக்குள்ள ரேடியோல ஒலிக்கிற பாட்டுகள் ஏத்துக்கப்படாது." எதுக்கு இந்த ரூல்னு புரியுது, ஜிடிஏல கார்ல ஏறினா ரேடியோல ஓடுறதெல்லாம் பெரும்பாலும் ஏற்கனவே வெளிய ஹிட்டான பாட்டு, உரிமை வாங்கிப் போட்டது, அதெல்லாம் உள்ள வந்தா அப்பறம் அது கேம் போட்டியே இல்ல. நோக்கம் சரி. எழுதின விதம் தப்பு.

நான் போட்டது வெண்பா கேம்ல இருந்து ஒரு பாட்டு. தெரியாதவங்களுக்கு, டொரோன்டோல இருக்க விசை கேம்ஸ் பண்ணது, 2023 ஜூலை 31 வந்துச்சு, 80கள் கடைசில கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அவங்கம்மாவோட அழிஞ்சு போன சமையல் குறிப்பு நோட்டு, அதுல விட்டுப் போனத நாம கண்டுபுடிச்சு இட்லி, புட்டு, பிரியாணின்னு சமைக்கணும். முதல் லெவல்ல இட்லித் தட்ட எந்த வரிசைல அடுக்குறதுன்னு தான் புதிரே, ஓட்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராம அடுக்கணும், நான் வீட்ல அவ்வளவு வருஷம் இட்லி தின்னும் அத யோசிச்சதே இல்ல, அம்மாகிட்ட கேட்டா "இது கூடவாடா தெரியாது"ன்னு ஒரு பார்வை. கேம் அடுத்த வருஷம் பாஃப்டால (பிரிட்டன் விருது) அறிமுக கேமுக்கான விருதும், ஐஜிஎஃப்ல (சின்ன டீம் பண்ற இண்டி கேம்களுக்கான விழா) பெரிய பரிசும் வாங்கினது. விஷயம் என்னன்னா, சமைக்கும்போது கிச்சன்ல ரேடியோ ஓடும், அதுல தமிழ்ப் பாட்டு வரும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்து சினிமாப் பாட்டு சாயல்ல இருக்கும், முதல் தடவ கேக்கறப்ப இது எந்தப் படம்னு மண்டைய சொறிவீங்க. எந்தப் படமும் இல்ல. எல்லாமே இந்த கேமுக்காகவே எழுதி, மெட்டுப் போட்டு, பாடினது.

இருபது நிமிஷத்துல ரிஜெக்ட். "ஏழாவது ரூல், ரேடியோ பாட்டு." கேட்டிருக்கவே மாட்டாங்க, இருபது நிமிஷத்துல கேட்டிருக்க சான்ஸ் இல்ல, ரேடியோன்னு கண்ல பட்டுச்சு, கட் பண்ணிட்டாங்க. எனக்கு அவங்க மேல கூட அவ்வளவு கோவம் இல்ல, ஒரு தமிழ் சினிமாப் பாட்டு மாதிரியே இருக்க பாட்டக் கேட்டா வெளியூர்க்காரனுக்கு அது பழைய படப் பாட்டா புதுசா போட்டதான்னு எப்படித் தெரியும், நமக்கே தெரியல. ஆனா டெட்ரிஸுக்கு "எதுக்காகப் போட்டது"ன்னு கேட்டவங்க, மெகலோவேனியாவுக்கு அதே கேள்விய கேட்டு உள்ள விட்டவங்க, இங்க மட்டும் "எங்க ஒலிக்குது"ன்னு கேட்டா அது என்ன நியாயம்?

அப்பீல் ரூல் இருக்கு, ரிஜெக்ட் ஆன 48 மணி நேரத்துக்குள்ள ஆதாரத்தோட எழுதணும். எழுதினேன். அதிகாரப்பூர்வ சவுண்ட்டிராக் ஆல்பம் லிங்க், அதுல இசை ஆல்ஃபா சம்திங்னு (அது தான் இசையமைப்பாளர் வச்சிருக்க பேரு) போட்டிருக்கது, அப்பறம் கேம் முடிஞ்சதும் ஓடுற கிரெடிட்ஸோட ஸ்க்ரீன்ஷாட் நாலு. என் சித்தி பையன்கிட்ட இங்கிலீஷ்ல திருத்தச் சொன்னேன், அவன் படிச்சுட்டு "அண்ணா, இதுல மூணு இடத்துல நீங்க அவங்கள திட்டியிருக்கீங்க"ன்னான். "எடுத்துடு"ன்னேன். "எடுத்துட்டா மீதி ரெண்டு வரி தான் இருக்கும்ணா." அந்த ரெண்டு வரியத் தான் அனுப்பினோம். ரெண்டாவது நாள் சாயங்காலம் "ஏற்றுக்கொள்ளப்பட்டது, தவறுக்கு வருந்துகிறோம்"ங்கற அர்த்தத்துல பதில் வந்துச்சு, மரியாதையா தான் எழுதியிருந்தாங்க, அதுக்கு ஒரு மார்க் தரலாம். ஆனா ரூல இன்னும் மாத்தல, இதோ இப்ப கூட போய்ப் பாத்தேன், ஏழாவது ரூல் அதே ஒரு வரி. அடுத்து எவனாவது வெண்பா போட்டா திரும்ப அதே கதை.

பாட்டு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா, முதல் ரவுண்ட்ல மெகா மேன் 2ல வர டாக்டர் வைலி டிராக் எதிர்ல மாட்டுச்சு. அதுக்கு மேல சொல்லணுமா.

மிச்ச ரூல்ஸ வேகமா சொல்லிடறேன். முப்பது செகண்டுக்குக் கம்மியா இருந்தா செல்லாது, அதனால ஜெயிச்சா வர சின்ன பீப்பீ, செத்தா வர பீப்பீ எதுவும் கிடையாது, சரி தான். லிங்க் ரூல் மட்டும் ரொம்ப கொடுமை. பாட்டக் கேக்க நாம குடுக்குற லிங்க் வேல செய்யலன்னா தகவல் சொல்லாமயே நாமினேஷன் காலி. டாங்கி காங் கன்ட்ரில தண்ணிக்கடில வர டிராக், டேவிட் வைஸ் போட்டது, 1994, அத கண்ண மூடிட்டு போட்டேன், நைட்டு ஓடின லிங்க் காலைல செத்துக் கெடக்கு. சித்தி பையன் தான் போன் பண்ணி "அண்ணா, வீடியோ அன்அவைலபிள்னு வருது"ன்னான், அதுக்குள்ள தூக்கிட்டாங்க. வேற ஒரு புண்ணியவான் அதே டிராக்க வேற லிங்க்ல போட்டு அது கடைசி பதினாறு வரைக்கும் போச்சு, வயிறு எரியுது. நிண்டெண்டோ சம்பந்தப்பட்ட பாட்டுக்கெல்லாம் இந்த ஆபத்து எப்பவும் இருக்கு, கில்வாசன்னர்னு ஒரு யூடியூப் சேனல் ஆயிரக்கணக்குல நிண்டெண்டோ பாட்டு வச்சிருந்துச்சு, 2022ல காப்பிரைட் பிளாக் மேல பிளாக்கா வாங்கி, நடத்தினவரு சேனலையே மூடிட்டாரு. 2024 அக்டோபர் கடைசில நிண்டெண்டோவே சொந்தமா மியூசிக் ஆப் விட்டாங்க, ஆனா சந்தா கட்டினவங்களுக்குத் தான், அந்த லிங்க்க போட்டா ஓட்டு போடுறவன் எப்படிக் கேப்பான். குறைஞ்சது ஒரு மெயில் தட்டிட்டு 24 மணி நேரம் டைம் குடுக்கலாம்ல.

கடைசி நேரம் எப்பங்கறதுலயும் ஒரு ஓட்டை. "ராத்திரி 11:59, பிஎஸ்டி"ன்னு போட்டிருக்காங்க, போட்டி நடக்குறது ஜூலைல, அப்ப அங்க பிஎஸ்டி (அமெரிக்க மேற்குக் கரையோட குளிர்கால நேரம்) கெடையாது, பிடிடி (ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்ச கோடைக்கால நேரம்). பிஎஸ்டின்னா நமக்கு மறுநாள் மத்தியானம் 1:29, பிடிடின்னா 12:29. நான் அனுப்பினது 12:50க்கு. ஏத்துக்கிட்டாங்க, ஆனா அந்த இருபத்தொரு நிமிஷம் எனக்கு சோறு எறங்கல.

ஒரு சீரிஸுக்கு மொத்தமா நாலு டிராக் தான்ங்கற ரூலும், வெளிய போய் ஆள் சேத்து ஓட்டு கேக்கக் கூடாதுங்கற ரூலும் கட்டாயம் வேணும். இங்கிலாந்துல கிளாசிக் எஃப்எம் ரேடியோ வருஷா வருஷம் நேயர் ஓட்டுல ஒரு கிளாசிக்கல் இசைப் பட்டியல் போடும், 2013ல அதுல ஃபைனல் ஃபேன்டசி மூணாவது இடம், எல்டர் ஸ்க்ரோல்ஸ் அஞ்சாவது, கேம் ரசிகர்கள் சேந்து பண்ண வேல. அன்னைக்கு எனக்கு செம சந்தோஷம், பீத்தோவன் எல்லாம் கீழ. ஆனா அதே வேலய கேம் போட்டிக்குள்ளயே பண்ணா 256ல 100 ஃபைனல் ஃபேன்டசியா தான் இருக்கும், அதுக்கு எதுக்கு போட்டி.

மார்க் போடணும்னா 5க்கு மூணரை. தேதி ரூல், மெட்டு ரூல், வரி தனி மெட்டு தனின்னு பிரிச்சது, அப்பீல்னு ஒண்ணு வச்சிருக்கது, எல்லாம் நல்லா யோசிச்சு எழுதினது. ஏழாவது ரூலுக்கும் செத்த லிங்க்குக்கும் ஒண்ணரை கட். கலந்துக்கலாமான்னா தாராளமா கலந்துக்கோங்க, ஆனா லிங்க் ரெண்டு வச்சுக்கோங்க, ஃபார்ம்ல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், யாரும் நிரப்பறதில்ல, "கேமுக்காகவே போட்டது, இதோ ஆதாரம்"னு முன்னாடியே அதுல எழுதிடுங்க, இருபது நிமிஷ ரிஜெக்ட் மிச்சம். அப்பறம் முக்கியமா, அடுத்த தடவ டெட்ரிஸ் பி டைப் என்னோடது, யாரும் கை வைக்காதீங்க.